எந்த மாதமும் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மொரீசியஸ் பயணக் கட்டுரையைப் படித்தேன். "ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் தீவு, எந்த மாதம் வேண்டுமானாலும் பெட்டியைக் கட்டலாம். கடலும் மணலும் தவிர அங்கே வேறு எதையும் தேட வேண்டியதில்லை" என்று அதில் ஒரு வரி. படித்து நாள்கள் ஆகியும் மனம் ஆறவில்லை.

என் மகள் மணமாகி அங்கேதான், குவாத்ர் போர்ன் ஊரில் இருக்கிறாள். கோடையிலும் குளிரிலும் அவள் வீட்டில் தங்கியிருக்கிறேன். அந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் கிடப்பதும், நமக்குக் கோடை என்றால் அவர்களுக்குக் குளிர்காலம் என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. ஜூலை, ஆகஸ்டில் இரவில் கம்பளி இல்லாமல் நான் படுத்ததில்லை. நடுமேட்டில் இருக்கும் க்யூர்பீப்பில் அந்த மாதங்களில் சாரலும் மூடுபனியும்தான். கிழக்குக் கரையில் தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். பெல் மாரில் மணல் முகத்தில் அடிக்கும். அதே நாளில் மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் கடல் அமைதியாகக் கிடக்கும். குளிர்காலத்தில் போகிறவர் மேற்கே அறை எடுக்க வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் கட்டுரையாளரோ ஜூலை சலுகையில் கிழக்குக் கரை விடுதியைச் சிபாரிசு செய்கிறார்.

அதையாவது விடலாம், குளிரில் யாரும் சாகப் போவதில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். அதிலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான் உச்சம். நம் வீடுகளில் முகூர்த்தம் குவிவது தை மாதத்தில். தேனிலவுக்கு மொரீசியஸ் என்று எழுதும்போது எந்த மாதத்தில் எழுதுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? என் தங்கை மகனை ஒரு பயண முகவர் மாசியில் அனுப்பிவைத்தார். புயல் எச்சரிக்கை என்ற ஒன்று அங்கே இருப்பதையே சொல்லவில்லை. பாவம், புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் விடுதி அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

நானே ஒரு புயலைப் பார்த்திருக்கிறேன். 2024 பொங்கலன்று, ஜனவரி 15, பெலால் புயல். காலையில் பால் பொங்கி இறக்கினோம். பிற்பகலுக்குள் தலைநகர் போர்ட் லூயியில் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. வேலைக்குப் போன ஜனங்கள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள், கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒதுங்கிக் கிடந்தன. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். மருமகன் வீடு வந்து சேரும்வரை என் மகள் வாசலைவிட்டு நகரவில்லை. அங்கே எச்சரிக்கை நான்கு நிலைகளில் வரும். மூன்றாம் நிலை அறிவித்துவிட்டால் பஸ், கடை, அலுவலகம் எதுவும் கிடையாது. யாரும் வெளியே வரக் கூடாது. பயணம் போகிறவருக்கு இது முதல் பக்கத்தில் சொல்ல வேண்டிய செய்தி இல்லையா?

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன். அட்டையில் மொரீசியஸ் என்று போட்ட படத்தில் இருப்பவை மாலத்தீவின் நீர்க்குடில்கள். மாலத்தீவுக் கட்டுரைக்கு இதே படத்தைத்தான் போட்டீர்கள். பழைய இதழ் என்னிடம் இருக்கிறது. "விசா செலவு உட்பட" என்று ஒரு தொகையும் அச்சிட்டிருக்கிறீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அங்கே இறங்கியதும் கட்டணமில்லாமல் அனுமதி தருகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட விவரம், கையில் செலவுக்குப் பணம், இவற்றைக் கேட்பார்கள். இந்த விசாவின் பெயரைச் சொல்லி எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பத்திடம் பணம் பறித்திருக்கிறார்கள். வாசகர் நம்பி ஏமாறுவதற்கு உங்கள் இதழும் வழி செய்யலாமா?

"எந்தக் கரையிலும் குழந்தைகளை இறக்கலாம்" என்பதும் ஆபத்தான பேச்சு. தீவைச் சுற்றிப் பவளத்திட்டு இருப்பதால்தான் உள்ளே கடல் குளம்போல நிற்கிறது. தெற்கே கிரி-கிரியில் அந்தத் திட்டு இல்லை. அலை நேராகப் பாறையில் வந்து மோதும், அங்கே நீந்தக் கூடாது. திட்டுக்கு உள்ளேயும் கடல் முள்ளெலியும் நச்சு முள் கொண்ட கல்மீனும் உண்டு. காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் என் பேரனைத் தண்ணீரில் விடவே மாட்டார்கள்.

சைவர்கள் பெட்டி நிறைய ரெடிமிக்ஸ் கொண்டுபோக வேண்டுமாம். தெருவுக்குத் தெரு தால்பூரி விற்கும் ஊர் அது. பட்டாணிப் பருப்பு வைத்த மெல்லிய பூரி இரண்டு, அதன்மேல் பீன்ஸ் குழம்பும் தக்காளித் தொக்கும் சட்னியும். காவடித் திருநாளில் கோயிலுக்குப் போனால் வாழையிலையில் ஏழு கறி போடுவார்கள், நம் ஆள்கள் கொண்டுபோன சாப்பாடு. அந்தக் காவடிக்கு, தைப்பூசத்துக்கு, நாடு முழுவதும் அரசு விடுமுறை.

இனி அந்த வரியின் மற்ற பாதி. கடலும் மணலும் தவிர ஒன்றும் இல்லையா? போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்ட 1735-க்குப் பிறகு பிரெஞ்சுக் கவர்னர் லா புர்தொனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார். காரைக்காலில் இருந்துகொண்டு இதை நான் எப்படி மறப்பேன்? 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் போனார்கள், சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் அதில் உண்டு. அவர்கள் இறங்கி ஏறிய 16 கருங்கல் படிகள் போர்ட் லூயியில் 'ஆப்ரவாசி காட்' என்ற படித்துறையில் அப்படியே இருக்கின்றன. 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம் அது. நீங்கள் "ஷாப்பிங் செய்யத் தவறாதீர்கள்" என்று எழுதிய கடற்கரைக் கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். தென்மேற்கில் லெ மோர்ன் மலையை விடுதியின் பின்னணி அழகு என்கிறீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவந்த அடிமைகள் தப்பி ஓடி ஒளிந்த மலை அது. 2008-இல் அதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

பணம் மாற்றுவது பற்றிய பெட்டிச் செய்தியில் மொரீசியஸ் ரூபாய்த் தாளின் படம் போட்டிருந்தீர்கள். அந்தத் தாளில் தமிழ் இருக்கிறது. 1998-இல் புதுத் தாள்களில் மொழிகளின் வரிசை மாறி, இந்திக்குப் பின்னால் தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போனபோது அங்கிருக்கும் தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். தாள்களைத் திரும்பப் பெற்று, தமிழை மீண்டும் இரண்டாம் இடத்தில் வைத்து அச்சிட்டது அரசு. வீட்டில் பெரும்பாலும் கிரியோல் என்ற அந்த ஊர்ப் பேச்சுமொழி பேசுகிறவர்கள் நடத்திய போராட்டம் அது! என் சம்பந்தி அம்மாளுக்குத் தமிழில் தேவாரம் பாட வரும், பேச வராது. தங்கள் இதழை அவர்களிடம் காட்டிப் பெருமைப்பட நினைத்தேன். இந்தக் கட்டுரையை எப்படிக் காட்டுவேன்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் நாலு வரித் திருத்தம் போடுங்கள்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், வெயிலும் கடலும் இதமாக இருக்க மே, அக்டோபர் நல்லது, சுற்றுலா விசாவுக்குக் கட்டணம் இல்லை, கிரி-கிரியில் நீந்தக் கூடாது. முன்பு மாலத்தீவுக் கட்டுரைக்கு எழுதிய கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை, பதிலும் இல்லை. இடமில்லை என்று இதையும் சுருக்குவதானால் என் குறைகளை எல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். புயல் மாதங்களைச் சொன்ன பகுதியை மட்டும், தைக் கல்யாணங்களுக்கு முன்னால், தயவுசெய்து போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காரைக்கால்.