செயற்கைக் கருவிழிக்குப் பின்னால் விழித்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்தானம் பற்றிய தங்கள் கட்டுரையில், தானக் கருவிழி ஒட்டாதவர்களுக்குச் செயற்கைக் கருவிழி உண்டு என்று ஒரு வரி வந்தது. அதற்கு அப்புறம் விழித்திரை (கண்ணின் பின்புறம் ஒளியை உணரும் படலம்) விலகிவிடக்கூடிய ஆபத்தையும் எழுதியிருக்க வேண்டும்.

செட்டிநாட்டில் பழைய வீடுகளைப் புதுப்பிக்க இன்னும் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்ட கொத்தனாரைப் பார்ப்பது அபூர்வம். (கண்ணில் தெறித்தால் அந்த இடத்திலேயே நல்ல தண்ணீரில் அரை மணி நேரமாவது கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.) என் சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணும் அப்படித்தான் போயின. கோரைப்பல்லின் வேரையும் அதை ஒட்டிய எலும்பையும் செதுக்கி, நடுவில் பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்திக் கண்ணில் வைக்கும் சிகிச்சையில் ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. செயற்கைக் கருவிழியில் ஒரு வகையான இது, இத்தாலிய மருத்துவர் ஸ்டிராம்பெல்லி 1960களில் கொண்டுவந்த முறை.

சில வருடம் கழித்து, ஓரத்தில் கறுப்பாகத் திரை இறங்குகிறது என்றார். வலியே இல்லை. உள்ளூரில் பார்த்தவர், செயற்கைக் கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார். அதை நம்பி வாரக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டார் சித்தப்பா.

இப்படித் திரை இறங்குவது விழித்திரை விலகியதன் அறிகுறியாக இருக்கலாம். விலகியிருந்தால் அறுவை சிகிச்சை செய்ய முடியும். கடினம்தான். அந்தச் சிறிய லென்ஸ் வழியாக விழித்திரையின் ஓரங்கள் சரியாகத் தெரியாது. அதனால் முதலில் பி ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுத்துப் பார்க்கிறார்கள். பல் வைத்த கண்ணை மூடியிருப்பது கன்னத்தின் உட்புறத் தோல். அதை விலக்கி, வெள்ளைவிழியில் நுண்துளையிட்டு, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் போன்ற விழிப்படிகநீரை வெட்டி எடுக்கிறார்கள். முன்னாலிருந்து பார்க்க முடியாவிட்டால் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கலாம். விழித்திரையை இழுக்கும் தழும்புச் சவ்வை உரித்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, சிலிகான் எண்ணெய் நிரப்புகிறார்கள். எண்ணெயை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் சிகிச்சைக்கு நாள் தள்ளத் தள்ளத் தழும்பு இறுகும், அறுவைக்குப் பிறகும் விழித்திரை மறுபடி விலகலாம். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

மின்னல் போல ஒளி வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாலோ அன்றைக்கே விழித்திரை நிபுணரிடம் போக வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். இதைத் தங்கள் இதழில் கட்டம் கட்டி வெளியிடுங்கள். செயற்கைக் கருவிழி வைக்கும் மருத்துவமனைகளும், வீட்டுக்கு அனுப்பும்போது இந்த அறிகுறிகளையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் தமிழில் அச்சடித்து வீட்டார் கையில் கொடுக்க வேண்டும்.

- ஒரு வாசகர், தேவகோட்டை