காஞ்சிச் சுற்றுலாவில் கைலாசநாதருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் காஞ்சிபுரம் சென்றேன். காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் என மூன்று கோயில்களிலும் நல்ல தரிசனம் கிடைத்தது. ஆனால் பட்டுச் சேலைக் கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்ற பேருந்து, கைலாசநாதர் கோயிலுக்கு நேரமில்லை என்று ஊர் திரும்பிவிட்டது. வழிகாட்டியிடம் கேட்டதற்கு, "அங்கே யாரும் அவ்வளவாகப் போக மாட்டாங்க சார்" என்றார்.

மனம் கேட்காமல் இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகளுடன் மீண்டும் போனேன். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் மணற்கல்லில் எடுப்பித்த அக்கோயிலின் திருச்சுற்றை 58 சிறு கோயில்கள் வரிசையாகச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களை இன்றும் காணலாம். காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் அதை எடுத்துச் செல்லாமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததாகக் கன்னடத்தில் பொறித்த கல்வெட்டு இங்குள்ள மண்டபத் தூண் ஒன்றில் இருக்கிறது. பகைவனையும் கைகட்ட வைத்த கோயில் இது என்று சொன்னதும், அதுவரை வெயிலைக் குறைசொல்லிக்கொண்டிருந்த என் மகன் அந்தத் தூண் எங்கே என்று தேடத் தொடங்கினான். பூசலார் நாயனார் மனத்துள் கோயில் கட்டிய கதையில், காடவர் கோமான் எனப்படும் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலாகக் கருதப்படுவதும் இதுவே.

வைகுந்தப் பெருமாள் கோயிலும் இவ்வாறே விடுபடுகிறது. திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடிய அத்தலத்தின் திருச்சுற்றுச் சுவரில், பல்லவர் வரலாறும், பன்னிரண்டு வயதில் அரசேற்க அழைத்து வரப்பட்ட இரண்டாம் நந்திவர்மனின் கதையும் சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டுள்ளன. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் யார் அரசர், யார் தூதர் என்று பார்ப்பவருக்கு விளங்காது.

எனவே, ஒரு நாள் சுற்றுலா நடத்துவோர் கடையில் செலவிடும் நேரத்தில் ஒரு மணியைக் குறைத்து இவ்விரு கோயில்களையும் பயணத்தில் சேர்க்க வேண்டும். பொறுப்பிலுள்ளோர், அந்தச் சிற்ப வரிசை நெடுகிலும் பள்ளிப் பிள்ளைகளும் படித்தறியும்படி எளிய தமிழில் விளக்கப் பலகைகள் வைக்க ஆவன செய்யுமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேலூர்.