முப்பது வருடம் விட்டுப்போன ஒரு பாடம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள தியாகு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. பின்னேரங்களில் கோட்டைப் பக்கம் நடந்தால் மான்கள்தான் துணை. கையில் கச்சான் சுருளைக் கண்டால் விடாதுகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பென்சன் எடுத்தும் நாலைந்து பிள்ளைகளுக்கு ஏ.எல் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை கருக்கட்டல் பாடம். ஒருத்தி கேட்டாள்: "சேர், விந்தையும் சூலையும் ஒரு கிண்ணத்தில் விட்டால் போதும்தானே? பிறகு ஏன் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க 1978 வரைக்கும் பொறுக்க வேண்டி வந்தது?"

மச்சான், முப்பது வருடம் இதைத் தொடாமலே படிப்பித்திருக்கிறேன்.

உடலை விட்டு வந்த விந்து நீந்தும், ஆனால் சூலுக்குள் போகத் தெரியாது. இயற்கையில், பெண்ணின் உடலுக்குள் சில மணித்தியாலம் கிடந்தால்தான் அந்தத் திறன் வரும். 1951இல் அமெரிக்காவில் சாங் என்ற விஞ்ஞானி முயலிலும், அவுஸ்திரேலியாவில் ஒஸ்ரின் என்றவர் எலியிலும் இதைத் தனித்தனியே கண்டார்கள். அப்படித் திறன் பெற்ற விந்தைக் கொண்டு 1959இல் சாங் உடலுக்கு வெளியே முயல் சூலைக் கருக்கட்டவைத்துக் குட்டிகளும் பெற்றார்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய கதை: அந்தத் திறன் எப்படி வருகிறது என்பது. விந்தின் தலையில் டிஎன்ஏ இறுகச் சுருண்டு கிடப்பதால் புதுப் புரதத்துக்கான கட்டளையை அங்கிருந்து எடுக்க இயலாது. கடலில் இறங்கின வள்ளம் மாதிரி: வாடியில் விட்டு வந்த சாமானை நினைத்துப் பிரயோசனமில்லை, உள்ளே கிடப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். முதலில் வெளியிலுள்ள அல்புமின் என்ற புரதம் விந்தின் மென்சவ்விலிருந்து கொலஸ்திரோலைக் கழற்றிவிடுகிறது. அப்பச்சோடாவில் இருக்கிற அதே பைகாபனேற்று உள்ளே போய் ஒரு நொதியத்தை எழுப்ப, அதன் தொடர்ச்சியாக, ஏற்கெனவே உள்ளே இருக்கிற புரதங்களில் தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பொஸ்பேற்று என்ற துண்டு ஒட்டுகிறது. அவ்வளவுதான். அந்தச் சின்னத் துண்டு ஒட்டினதும் பழைய புரதம் வேறு வேலை பார்க்கத் தொடங்கும். கூடவே கல்சியமும் வாலுக்குள் பாய, அமைதியாய் ஆடின வால் சாட்டை மாதிரி வீசும். தலையிலுள்ள நொதியப் பையும் உடையத் தயாராகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. திறன் வந்த முயல் விந்தைத் திரும்ப விந்துப்பாயத்தில், அதாவது அது முதலில் மிதந்து வந்த திரவத்தில், போட்டால் திறன் போய்விடும். இதையும் சாங்தான் 1957இல் காட்டினார். மனுசன் சும்மா இருக்கவில்லை.

ஆய்வுகூடங்களில் விந்தை விடும் கரைசலில் பைகாபனேற்றும் அல்புமினும் ஏன் சேர்க்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். "அப்போ கிண்ணத்தையே கருப்பை என்று ஏமாற்றுகிறார்கள்" என்றாள். இவளுக்கு நான் என்னத்தைப் படிப்பிக்க!

உன் மகள் இப்போது கருத்தரிப்பு ஆய்வுகூடத்தில்தானே வேலை? வால் வீச்சு மாறுவதை அவள் நுணுக்குக்காட்டியில் பார்த்திருப்பாள். எப்படி இருக்கும் என்று கேட்டு எழுது. நான் வீடியோவில்தான் பார்த்தேன்.

பங்குனியில் வா. அதற்குள் கடலும் அடங்கிவிடும், உன் முழங்காலும் கோணேசர் படியேறும்.

அன்புடன்,
சிவா