ஆளுமைக் கோளாறு உள்ளோரின் தனிமை: அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்ட தங்கையை வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்து வரும் அக்காள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கைவிடப்படுவோமோ என்ற அச்சமும் ஓயாத வெறுமையுணர்வும் இக்கோளாறின் குறிகள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோழியிடமிருந்து பதில் வர அரை மணி நேரம் தாமதமானால் உறவே முறிந்ததென்று எண்ணி, அவளைக் கண்டபடி ஏசிச் செய்தி அனுப்பிவிட்டு, பிறகு அதற்காகவே விடிய விடிய அழுகிறாள் என் தங்கை. தோழிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த நிலையில் அவள் நம்பி வரும் ஒரே இடம் உங்கள் வெளிநோயாளர் பிரிவு. அங்கோ, முதுநிலை மாணவர்களின் பணிச்சுழற்சியால் போன முறை பார்த்த மருத்துவர் இந்த முறை இருப்பதில்லை. புதியவர் "எப்போதிருந்து இப்படி?" என்று முதலிலிருந்து தொடங்கும்போது அவள் வாய் திறவாமல் சீட்டை மட்டும் நீட்டுகிறாள், 'ஒத்துழைக்கவில்லை' என்று அதே சீட்டில் எழுதப்படுகிறது. 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணில் நள்ளிரவிலும் ஆள் கிடைக்கிறார்கள், நன்றி. ஆனால் நேற்றுக் கேட்ட குரலே இன்றும் கேட்கும் என்பதற்கு உறுதியில்லை.

அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த இத்தகைய 290 பேரை ஆய்வாளர் மேரி ஸனாரினி குழுவினர் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட பத்தாண்டு முடிவில், 93 விழுக்காட்டினருக்கு நோய்க்குறிகள் குறைந்தது இரண்டாண்டுகள் தணிந்திருந்தன என்றும், உறவும் வேலையும் சேர்ந்து சீரான மீட்சி பாதிப் பேருக்கே வாய்த்தது என்றும் காண்கிறோம். சீற்றம் அடங்கியபின் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் மற்றப் பாதிப் பேரைப் பற்றியே என் கவலை.

அமெரிக்க உளவியலர் மார்ஷா லினெஹான் இக்கோளாறு உள்ளோருக்காக வகுத்த, உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில் (DBT) வாராந்தரக் குழுப் பயிற்சி ஓர் இன்றியமையாத பகுதி. அதை முழுமையாக நடத்த ஆளில்லை என்பீர்கள், நியாயந்தான். வாரம் ஒரு மணி நேரம், அதே கிழமையில், அதே அறையில், அதே உளவியலரோ சமூகப் பணியாளரோ இவர்களைக் கூட்டி உட்கார வைத்தாலும் போதும் என்கிறேன். மருத்துவர் பணி மாறும்போது அதை ஒரு மாதம் முன்பே சொல்லி, அடுத்து வருபவரை நேரில் அறிமுகப்படுத்திவிட்டுச் செல்லட்டும். இதற்கு அரசாணை வேண்டாம். துறையின் சுற்றறிக்கை ஒன்று போதும்.

இப்படிக்கு,
ஒரு நோயரின் அக்காள்