குரு தேக் பகதூரின் வரலாற்றை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலாசிரியர்களுக்கும், பதிப்பாளர்களுக்கும், பாடநூல் குழுவினருக்கும்,

வணக்கம். சீக்கியரின் ஒன்பதாம் குருவான தேக் பகதூர் 1675 நவம்பர் 11 அன்று தில்லி சாந்தினி சௌக்கில் முகலாய அரசின் ஆணைப்படி தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் 350ஆம் ஆண்டு நினைவு 2025இல் வந்ததையொட்டி அவரைப் பற்றித் தமிழிலும் கட்டுரைகளும் சிறு நூல்களும் உரைகளும் வெளிவந்தன. அவற்றுள் என் கைக்குக் கிடைத்தவற்றைப் படித்த பிறகே உங்களுக்கு எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு நிகழ்ச்சியை நீங்கள் சொல்லும்போது, அதை முதலில் எழுதி வைத்தவர் யார், அது நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதினார் என்ற இரண்டையும் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே காட்சியை மையமாகக் கொண்டிருந்தன. தில்லி அரசவையில் ஔரங்கசீப் சிங்காசனத்தில் அமர்ந்திருக்க, விலங்கிடப்பட்ட குரு அவர் முன் நின்று சமயம் பற்றி வாதிடுகிறார். அற்புதம் ஒன்றைச் செய்து காட்டு, இல்லையேல் மதம் மாறு என்று பேரரசர் மிரட்டுகிறார். வரிக்கு வரி உரையாடலோடு எழுதப்பட்ட இக்காட்சிக்கு எதிரே மறுக்க முடியாத ஒரு செய்தி நிற்கிறது. வடமேற்கில் ஆப்கானியக் குடிகளின் கிளர்ச்சியை அடக்குவதற்காக 1674 ஏப்ரலில் தில்லியை விட்டுப் புறப்பட்ட ஔரங்கசீப், ராவல்பிண்டிக்கு அப்பாலுள்ள ஹசன் அப்தாலில் தங்கியிருந்து, 1676ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில்தான் தலைநகருக்குத் திரும்பினார். குரு கொல்லப்பட்ட நாளில் அவர் தில்லியில் இல்லை. இதனால் பேரரசருக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது; ஆணை பாசறையிலிருந்தே வந்திருக்கலாம், தலைநகரில் இருந்த அதிகாரிகள் அவர் பெயரால் நடத்தியிருக்கலாம், அதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் நேருக்கு நேர் நடந்ததாக எழுதப்படும் அந்த நீண்ட உரையாடல், 1843இல் கவி சந்தோக் சிங் நிறைவு செய்த சூரஜ் பிரகாஷ் போன்ற காவியங்களின் வழியாக நம்மிடம் வந்தது. அது நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடந்தபின் எழுந்த நூல். பக்தியோடு பாடிய புலவருக்குக் காட்சி அமைக்கும் உரிமை உண்டு. அதே காட்சியை உரைநடையில், தேதியிட்டு, வரலாறு என்ற தலைப்பின்கீழ் அச்சிடுபவருக்கு அந்த உரிமை இல்லை.

கைது நடந்த இடத்திலும் இதே சிக்கல் உள்ளது. சூரஜ் பிரகாஷின் மரபு ஆக்ராவைச் சொல்கிறது; அங்கே குரு கா தால் என்ற குருத்வாரா அந்த நினைவைப் போற்றி நிற்கிறது. பட் எனப்படும் பாணர் குலத்தார் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்த வஹி எனப்படும் பதிவேடுகளோ, பஞ்சாபின் ரோபட் அருகே மாலிக்பூர் ரங்கரான் என்ற ஊரில் 1675 ஜூலையில் குரு பிடிக்கப்பட்டதாகவும், தில்லிக்குக் கொண்டுசெல்லப்படும் முன் சில மாதங்கள் சிர்ஹிந்துப் பகுதியில் சிறை வைக்கப்பட்டதாகவும் கூறுகின்றன. நான் படித்த நூல்களில் ஒன்றேனும் இந்த இரண்டையும் அருகருகே வைக்கவில்லை. ஒரு நூல் ஆக்ரா என்றது, இன்னொன்று மாலிக்பூர் என்றது. இரண்டுமே ஐயமில்லாத குரலில் பேசின.

காஷ்மீரப் பண்டிதர்களின் வருகை பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று அரசியல் மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படுவது அதுவே. காஷ்மீர ஆளுநர் இப்திகார் கானின் கொடுமையைத் தாங்காமல் கிருபா ராம் தலைமையில் பண்டிதர்கள் ஆனந்தபூருக்கு வந்து குருவிடம் முறையிட்டார்கள் என்பது சீக்கிய மரபின் உறுதியான நினைவு. அதை ஏற்பவன்தான் நானும். ஆனால் அந்நினைவு எப்படி நம்மிடம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தேக் பகதூரின் மகனும் பத்தாம் குருவுமான கோபிந்த் சிங்கின் பெயரில் வழங்கும் பசித்தர் நாடக், தந்தையின் மரணத்தைச் சொல்லும் மிகப் பழைய சீக்கிய நூல். 1690களை ஒட்டியது எனப்படுவது. பிறருடைய திலகத்தையும் பூணூலையும் காக்க அவர் கலியுகத்தில் அரும்பெரும் செயல் புரிந்தார் என்று அது பாடுகிறது. காஷ்மீரம் என்ற பெயர் அதில் இல்லை, வந்து முறையிட்டவர் எவரும் இல்லை. பண்டிதர் குழுவின் காட்சி விரிவாக வருவது அடுத்த நூற்றாண்டின் நூல்களில். 1675 மே மாதத்து நாளும் கிருபா ராமின் பெயரும் பட் வஹியிலிருந்து கிடைக்கின்றன. அந்த வஹிகளை ஞானி கர்ஜா சிங் இருபதாம் நூற்றாண்டில் படியெடுத்த பின்னரே ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தினர். அவற்றைப் பெரிதும் நம்புவோரும் உள்ளனர். மூல ஏடுகளின் காலத்தையும் படியெடுத்த முறையையும் கேள்விக்கு உட்படுத்துவோரும் உள்ளனர். இவ்வளவையும் ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். சொல்வதால் குருவின் தியாகம் குறைந்துவிடாது. பிறருடைய சமயச் சின்னங்களைக் காக்க அவர் உயிர் கொடுத்தார் என்ற கூற்றைத் தாங்கி நிற்பது மிகப் பழைய சான்றே அல்லவா?

பசித்தர் நாடக் இடம்பெற்றுள்ள, பத்தாம் குருவின் பெயரில் வழங்கும் தொகுப்பான தசம் கிரந்தத்தின் ஆசிரியர் யார் என்பதில் சீக்கியர்களுக்குள்ளேயே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டு. அதையும் ஒரு வரியில் குறிப்பிடுவது நேர்மை.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். ஆதாரத்தைக் கேட்பது பக்தர்களிடம் மட்டும் என்றால் அது நீதியாகாது. பதினோராம் வகுப்புக்காக சதீஷ் சந்திரா எழுதிய இடைக்கால இந்தியா என்ற தேசியப் பாடநூலில், அசாமிலிருந்து திரும்பிய குரு ஹாபிஸ் ஆதம் என்பவரோடு சேர்ந்து பஞ்சாபில் கொள்ளையில் ஈடுபட்டதாகப் பிற்காலப் பாரசீக நூல்கள் தரும் அரசுத் தரப்பு விளக்கம் இடம்பெற்றிருந்தது. சீக்கிய மரபின் விளக்கமும் அதற்குப் பின் தரப்பட்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் அந்தக் கொள்ளைக் கதையின் மூலம், பீகாரிலும் வங்கத்திலும் வாழ்ந்த குலாம் ஹுசைன் கான் 1780களின் தொடக்கத்தில் எழுதிய சியார்-உல்-முதாக்கிரீன். நிகழ்ச்சி முடிந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நிகழ்ந்த இடத்திலிருந்து தொலைவும் அதிகம். அதைவிடப் பெரிய குறை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஹாபிஸ் ஆதம் எனப்படுபவர், சூஃபி அறிஞர் ஷேக் அகமது சிர்ஹிந்தியின் சீடராக அறியப்பட்ட ஆதம் பனூரி; அவர் ஷாஜகான் காலத்திலேயே இந்தியாவை விட்டு அனுப்பப்பட்டு, 1640களில் மதீனாவில் இறந்தவர். தேக் பகதூர் குருவானதே 1664இல்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் மாண்டவரோடு கூட்டுச் சேர்ந்து குரு ஊர்களைச் சூறையாடினார் என்பதை எந்த ஆய்வாளரும் சோதிக்காமல் ஏற்றிருக்கக் கூடாது. மாணவர் கையில் சேரும் நூலில், அது ஒரு நூற்றாண்டு பிந்திய கூற்று என்றும், அதில் காலமுரண் உள்ளது என்றும் அதே வரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து நடந்தது இன்னும் வருத்தம் தருகிறது. சீக்கிய அமைப்புகளின் நியாயமான எதிர்ப்புக்குப் பின், 2001இல் அந்தப் பகுதி வேறு சில பகுதிகளோடு சேர்த்துப் பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது. வகுப்பில் அவற்றை நடத்தக் கூடாது என்றும் பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. பொய்யான கூற்றை, ஏன் பொய் என்று காட்டித் திருத்தும் அரிய வாய்ப்பு அப்போது கைவிடப்பட்டது. குலாம் ஹுசைனின் வரியையும் ஆதம் பனூரியின் இறப்பு ஆண்டையும் அருகருகே அச்சிட்டிருந்தால், பதினாறு வயது மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் அந்த அவதூறைத் தானே உடைத்திருப்பார். வெட்டி எடுத்ததால் அது உடையவில்லை. இன்றும் யாரோ ஒருவர் அதை மறைக்கப்பட்ட உண்மை என்று எடுத்து நீட்டும்போது, பதில் சொல்லத் தெரியாமல் பலர் நிற்பதற்கு அந்த நீக்கமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

பாரசீக நூல்கள் அனைத்தையும் பகை நூல்கள் என்று ஒதுக்குவதும் இழப்பே. பஞ்சாபைச் சேர்ந்த சுஜன் ராய் பண்டாரி 1690களில் எழுதிய குலாசத்-உத்-தவாரிக், பேரரசரின் ஆணையால் குரு தில்லியில் கொல்லப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறது. கொள்ளைக் குற்றச்சாட்டு ஏதும் அங்கே இல்லை. ஔரங்கசீப் ஆட்சியின் வரலாறான மாசிர்-இ-ஆலம்கீரி, கொலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் மறு ஆண்டு, 1676 அக்டோபரில், ஜாமா மசூதியிலிருந்து திரும்பிய பேரரசர் மீது குருவின் சீடர் ஒருவர் செங்கல் எறிந்ததாக அது பதிவு செய்கிறது. அரசவை மறைத்துவிட்ட ஒரு சாவின் சுவடு, அதே அரசவை வரலாற்றின் இன்னொரு பக்கத்தில் தங்கிவிட்டிருக்கிறது. இப்படிப்பட்ட சான்றை விட்டுவிட்டு, எழுதியவர் தாமே கற்பனை செய்த உரையாடல்களை ஏன் அச்சிட வேண்டும்?

இவை எல்லாவற்றினும் ஐயம் குறைந்த ஒரு சான்று உங்கள் நூல்களில் மிகக் குறைவாகவே எடுத்தாளப்படுகிறது. குருவின் பாடல்களையே சொல்கிறேன். 59 பதங்களும் 57 சலோகங்களும் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் உள்ளன. ஜெய்ஜாவந்தி ராகத்தில் அமைந்த பதங்கள் அந்நூலில் இவர் ஒருவருடையவையே. எவரையும் அச்சுறுத்தாமலும் எவருக்கும் அஞ்சாமலும் இருப்பவனே ஞானி என்று சொல்லும் சலோகம், சிறையில் அவர் எப்படி நின்றிருப்பார் என்பதை எந்தக் கற்பனை வசனத்தையும்விட நன்றாகக் காட்டுகிறது. இங்கேயும் ஆதாரத் தகராறு ஒன்று உண்டு. வலிமை தளர்ந்தது, கட்டுகள் பூட்டப்பட்டன, வழி ஏதுமில்லை என்று வருந்தும் 53ஆம் சலோகமும், வலிமை வந்தது, கட்டுகள் அறுந்தன என்று விடை கூறும் 54ஆம் சலோகமும், சிறையிலிருந்த தந்தைக்கும் ஆனந்தபூரிலிருந்த மகன் கோபிந்துக்கும் இடையே நடந்த கடிதப் பரிமாற்றம் என்று மரபு சொல்கிறது. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் விடை கூறும் சலோகம் பத்தாம் குருவினது என்று குறிக்கப்பட்டுள்ளது. இன்றைய அச்சுப் பதிப்பில் அக்குறிப்பு இல்லை. இரண்டையும் பாடியவர் ஒன்பதாம் குருவே என்போரும், இல்லை என்போரும் தத்தம் பிரதிகளைக் காட்டி இன்றும் வாதிடுகிறார்கள்.

உங்கள் அடுத்த பதிப்பில் இவ்விரு சலோகங்களையும் முழுமையாகத் தாருங்கள். தந்தையும் மகனும் எழுதிக்கொண்டதாகச் சொல்லப்படும் செய்தியையும், பிரதிகள் மாறுபடுவதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பேரரசரின் அரசவைக் காட்சியை விட மனமில்லை என்றால், அது 1843ஆம் ஆண்டுக் காவியத்தின் காட்சி என்று அதன் தலைப்பிலேயே குறியுங்கள்.

மிக்க மதிப்புடன்,
உங்கள் நூல்களின் வாசகன்