பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைத் தாண்டிப் போகாதீர்கள்

கொங்கு வட்டாரத்து மேல்நிலைப் பள்ளித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

2018-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025-26 முதல் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிட்டு, அதில் சேர்ந்த ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுக்கும் பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்றுதான் இதை எழுதுகிறோம்.

இயக்க விதிகள், பாய்மங்கள், வெப்பம், அலைவுகள் எல்லாம் பதினொன்றில்தான் இருக்கின்றன. நம் தோட்டத்துக் கிணற்று மேட்டிலும் அவைதான். மேலே வைத்த மோனோபிளாக் மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருப்பதால் அப்படித் தண்ணீர் ஏறக்கூடிய உயரம் கணக்குப்படியே 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குழாய் உராய்வு, குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு எல்லாம் போக 7 மீட்டர் கிடைத்தால் பெரிது. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்குவது அதனால்தான், எத்தனை எச்.பி. மாற்றினாலும் இந்த எல்லை நகராது. தோட்டத்துப் பிள்ளை இது தெரியாமலே பிளஸ் டூ முடித்தால் எப்படி?

அடுத்தது ஆய்வகம். நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம். நூலை இரண்டாகப் பிளந்த தக்கைக்குள் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். 1 மீட்டர் ஊசலுக்கு 20 அலைவுகள் சுமார் 40.2 நொடி. ஒரே அலைவை மட்டும் அளந்தால், விரல் 0.2 நொடி தாமதித்ததற்கே புவியீர்ப்பு முடுக்கம் 20 சதவீதம்போலப் பிசகும். 20 அலைவுகளில் அதே தாமதம் 1 சதவீதம்தான். கடிகாரத்தை அழுத்தும்போது 'பூஜ்ஜியம்' என்று எண்ணாமல் 'ஒன்று' என்று தொடங்கினால் 19 அலைவுகளே ஆகியிருக்கும், விடை 9.8-க்குப் பதில் 10.8 என்று வரும். அந்த 10.8-ஐப் பார்த்து எங்கே தவறியது என்று தேடுவதுதான் பாடம். வகுப்பு முழுக்க ரெக்கார்டு நோட்டில் 9.8 என்றே இருந்தால் அங்கே ஊசலே ஆடவில்லை என்று அர்த்தம்.

செலவு பெரிதில்லை: நூல், குண்டு, தாங்கி, நிறுத்துக்கடிகாரம். வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் இரண்டு பாடவேளை வேண்டும், ஒரு ஊசலுக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்காமல், காரணம் எழுதச் சொல்லுங்கள். ஆய்வகச் சாவி அலுவலகத்தில் தொங்க வேண்டாம், இயற்பியல் ஆசிரியரிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொங்கு வட்டார இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்