பெரட்டு நேரத்தில் ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புத் தோழிக்கு,

விடிகாலை மணி நாலரை. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அம்மா எழுந்த அதே நேரம். பாப்பா குடித்துவிட்டு இப்போதுதான் கண் அசந்தாள். அவள் சிணுங்குவதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று பேனாவை எடுத்திருக்கிறேன். பாப்பா பிறந்ததும் படம் அனுப்பிய அன்றே, "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டிருந்தாய். அதற்கு மட்டும் நான் பதில் போடவில்லை. உனக்கு ஏழாம் மாதம், எதையாவது சொல்லிப் பயமுறுத்திவிடக் கூடாதே என்று தள்ளிப்போட்டேன். 17 நாள் ஓடிவிட்டது. யாராவது எனக்கு இதையெல்லாம் முன்னமே சொல்லியிருந்தால் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பால். இரண்டு நாள் வரைக்கும் மஞ்சளாய்ச் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பாப்பா வீறிட்டு அழுதால், பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் "பால் பத்தல, மாவுப்பால் கரைச்சுக் குடு" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து பார்த்த, மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் கிளினிக் நர்ஸ்தான், பிறந்த பிள்ளையின் வயிறு மிகச் சின்னது, இந்தச் சொட்டே போதும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் விடாமல் கொடுத்துக்கொண்டே இரு, எத்தனை துணி நனைக்கிறாள் என்று மட்டும் எண்ணு என்றார். மூன்றாம் நாள் ராத்திரி மார் இரண்டும் கல்லாய்க் கட்டிக்கொண்டன. அம்மா துணியை வெந்நீரில் நனைத்து ஒத்தடம் கொடுத்து, நீவிவிட்டு, பாப்பா வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து பிடிக்கவைத்தார். அவள் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

மறுநாளே பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை. மிஸ்ஸி வந்து பாப்பாவின் மூக்கு நுனியை விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது. உடனே கிளினிக்கில் குதிகாலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். ரத்தத்தில் மஞ்சள் அளவு 310 என்று கூடுதலாக வந்ததும் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு ராத்திரி நீல விளக்குக்கு அடியில், கண்ணைக் கட்டி, வெறும் பேம்பர்ஸோடு கிடந்தாள். உள்ளங்கால் அந்த வெளிச்சத்தில் ஊதா நிறமாகத் தெரிந்தது, குதிகாலில் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது. பால் கொடுக்க எடுக்கும்போது மட்டும் கட்டை அவிழ்ப்பார்கள். அவள் என்னைப் பார்ப்பாள்.

இதில் இரண்டு விஷயத்தை நீ மறக்கவே கூடாது. காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பி நாளைக் கடத்தாதே. வெயிலில் பிள்ளைக்கு உடம்பில் தண்ணீர்ச் சத்துதான் குறையும். அப்புறம், பீரோவில் வைத்திருக்கும் பழைய பிள்ளைத் துணியில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் அதை உடுத்தாதே. ஜி6பிடி குறை, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைக்கு அந்த உருண்டையே ரத்தத்தைக் கெடுத்து மஞ்சளைத் திடீரென்று ஏற்றிவிடுமாம். பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதித்துவிடுகிறார்கள். பாப்பாவுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனாலும் அம்மா எடுத்துவைத்திருந்த என் பழைய சட்டைகளைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டோம்.

வீடு திரும்பிய பிறகு காரணமே இல்லாமல் அழுகை வந்தது. சுறாப் புட்டுத் தட்டைப் பார்த்தால் அழுகை, என் வீட்டுக்காரர் "குளிச்சியா?" என்று கேட்டால் அழுகை. பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு முதல் வாரத்தில் இப்படி வரும், தானே போய்விடும், இரண்டு வாரத்தைத் தாண்டினால் மட்டும் மறைக்காமல் வந்து சொல் என்றார் மிஸ்ஸி. இப்போது எனக்குக் குறைந்துவிட்டது. உனக்கு வந்தால் எனக்குப் போன் போடு, எந்த நேரமானாலும்.

அம்மா இன்னமும் நாலரைக்குத் தானாக எழுந்துவிடுவார். ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு ஓடிய காலத்துப் பழக்கம். முந்தாநாள் நான் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒனக்கு எத்தன நாளு லீவு?" என்று கேட்டார். 98 நாள், 2023 ஜனவரியில் மாற்றினார்கள், முன்பு 60தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானாகச் சொன்னார்: "ஒன்ன ஆயாக்கொட்டகையில விட்டுட்டு மர நெரைக்குப் போவேன். ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டிக்கிட்டு நிக்கிறப்போ பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனைஞ்சிரும். ஒதுங்கிப் பீய்ச்சி மண்ணுல விட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போவேன். நீ அங்க பசியில அழுவேன்னு தெரியும்."

இந்த 30 வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அந்த நெரையெல்லாம் இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனை. நான் என்ன பதில் சொல்வது? பாப்பாவை அவர் மடியில் கொடுத்தேன். விடியும்வரை வைத்திருந்தார்.

அவர்தான் உனக்கு இதை எழுதச் சொன்னார். உன் அம்மா இல்லை. உன் வீட்டுக்காரர் நாலு மணிக்கே சிங்கப்பூருக்குக் கிளம்பினால் ராத்திரிதான் ஜொகூர் திரும்புகிறார். அந்த அடுக்குமாடியில் பத்திய சோறு யார் வடிப்பார்கள், மார் கட்டிக்கொண்டால் யார் நீவிவிடுவார்கள்? பிரசவத்துக்கு இங்கேயே வந்துவிடு. உன் கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தால் இங்கே பதிந்துகொள்ளலாம், எட்டாம் மாதம் முடிவதற்குள் வந்தால் பயணமும் சிரமமிருக்காது. அப்பா நேற்றே நாற்காலி போட்டு ஏறி, இன்னொரு ஸ்பிரிங் தொட்டில் மாட்ட உத்தரத்தில் இடம் பார்த்துவிட்டார்.

உன் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு எந்தத் தேதி என்று சொல். பாப்பா எழுந்துவிட்டாள்.

உன் தோழி